தேதி சொல்லும் நான்கு நொடிகள்

அந்தக் கருவி எங்கள் வீட்டுக்கு வந்தது 2008 ஆவணியில், ஒரு சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு. கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும் நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டேன். அனுப்பியவள் மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். பெட்டியைப் பிரித்தால் உள்ளே சாப்பாட்டு டப்பா அளவுக்குக் கறுப்பாக ஒன்று இருந்தது. முன்பக்கம் பச்சை எழுத்து ஓடும் சின்னக் கண்ணாடி. பின்பக்கம் ஆம்ப்ளிஃபயருக்கு வயர் செருக இரண்டு துளை. பின்கட்டு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை வயர் இல்லாமலே இழுத்து ஹாலில் பாடும் என்று போனில் சொல்லியிருந்தாள்.

"வீடு சும்மா கெடக்க வேணாம்ப்பா. ஏதாவது பாடிக்கிட்டே இருக்கட்டும்."

என் மனைவி இறந்து அப்போது மூன்று ஆண்டும் ஐந்து மாதமும் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டரில் இருந்த பாட்டுகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவை கடையில் வாங்கியவை அல்ல. 1991லிருந்து 2002 வரை நானே கேசட்டில் பதிவு செய்தவை. ரேடியோவில் வந்த பாட்டுகள், கோவிலில் பாடற்குழுவின் உயிர்ப்பு ஞாயிறு ஒத்திகை, சித்தையன்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், இப்படி. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன் நான். எது எப்போது நடந்தது என்று தெரியாத ஒரு பொருள் வீட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆரம்பத்தில் கேசட்டின் மேல் சீட்டு ஒட்டித் தேதி எழுதினேன். திண்டுக்கல் வெயிலுக்குப் பசை காய்ந்து, ஒரே கோடையில் சீட்டுகள் எல்லாம் உதிர்ந்து பெட்டியின் அடியில் குவிந்துவிட்டன. எந்தச் சீட்டு எந்தக் கேசட்டுடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் குரலிலேயே தேதி சொல்லிவிட வேண்டும். கிழமை, தேதி, மணி, வானிலை. இந்த நாலும்.

எனக்கு ஒரு கை ரேடியோவின் முள்ளில், ஒரு கை பொத்தானில் இருக்கும். அதனால் சொல்கிற வேலை என் மனைவிக்கு. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து மைக் முன்னால் குனிவாள்.

"செவ்வாக்கெழம. தேதி பதினொண்ணு. சாயங்காலம் நாலே கால். வானம் மோடம் போட்ருக்கு. வெஞ்சனம் அவரக்கா."

ஐந்தாவது, அன்றைக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி, என் விதியில் இல்லை. அவளாகச் சேர்த்தது.

"வெஞ்சனம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"மோடம் எதுக்கோ அதுக்குத்தான்."

பதினோரு ஆண்டும் அவள் அதை விடவில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தேன்.

2003இல் கம்ப்யூட்டர் வாங்கியதும் கேசட்டுகளை வரிசைப்படி, 1991லிருந்து தொடங்கி, அதற்குள் ஏற்றினேன். நான்கு மாத வேலை. அதற்கான மென்பொருள் சத்தம் நிற்கிற இடமெல்லாம் தானே வெட்டித் தனித்தனித் துண்டாகச் சேமித்தது. பாட்டு ஒரு துண்டு. அதற்கு முன்னால் அவள் தேதி சொல்வது நான்கைந்து நொடிக்கு ஒரு துண்டு. நான் அந்தச் சின்னத் துண்டைக் கேட்பேன். தேதியைப் பாட்டின் கோப்புப் பெயரில் தட்டச்சு செய்வேன். பிறகு சின்னத் துண்டை அழித்துவிடுவேன். ஒரு தகவல் ஓரிடத்தில் இருந்தால் போதும், இரண்டு இடத்தில் இருந்தால் பிழைதான் வரும் என்பது என் எண்ணம்.

ஒரு நாள் காப்பி கொண்டுவந்தவள் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னத்த வெட்டுறீங்க?"

"நீ தேதி சொல்ற இடத்த. இப்பப் பேருலயே தேதி இருக்குல்ல."

"அப்ப நம்ம வேல முடிஞ்சுபோச்சு" என்று சிரித்துக்கொண்டே டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அன்றைய நோட்டில் எத்தனை கேசட் முடிந்தது என்று மட்டும் இருக்கிறது.

அடுத்த ஆண்டு அவள் தம்பி, வடமதுரையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன், வந்து காலியான கேசட் இருக்கிறதா என்று கேட்டான். எல்லாம் ஏற்றியாயிற்று, இனிக் காலிதான் என்றேன். அவளே மூன்று அட்டைப்பெட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போடா, கட்டிலுக்கடியில கூட்ட முடியல." அதற்கு அடுத்த ஆண்டு, 2005 தவக்காலத்தில், நுரையீரல் நோயில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து நாற்பது நாளுக்குள்ளேயே எனக்கு அது உறைத்தது. வீட்டில் அவள் எழுத்து இருந்தது, படம் இருந்தது, உடுத்திய சேலை இருந்தது. குரல் இல்லை. கல்யாண வீடியோவில் பாண்டு வாத்தியத்தையும் சினிமாப் பாட்டையும் மேலே ஒட்டியிருந்தார்கள். அவள் வாய் அசையும், சத்தம் வராது. ஒரு சாயங்காலம் கம்ப்யூட்டரில் பாட்டுக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து முதல் நொடியைக் கேட்டேன். எங்காவது நான் ஒழுங்காக வெட்டாமல் விட்டிருப்பேன் என்று ஒரு நப்பாசை. எல்லாமே சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. ஒன்றில் மட்டும் பாட்டுத் தொடங்கும் முன் மூச்சு இழுக்கும் ஒலி கேட்டது. அது பாடகருடையது.

இந்த நிலையில்தான் மகள் அனுப்பிய பெட்டி வந்தது.

ஆம்ப்ளிஃபயர் அருகே வைத்து மின்சாரம் கொடுத்ததும் பச்சை எழுத்து ஓடியது. வலையைத் தேடியது, கண்டுபிடித்தது, கடவுச்சொல் கேட்டது. ரிமோட்டில் எழுத்து எழுத்தாகப் போட்டேன். கம்ப்யூட்டரில் அதற்கான நிரலை நிறுவியபோது, பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டது. பாட்டு ஏழெட்டுக் கோப்புறைகளில் பிரிந்து கிடந்ததால், ஒன்றும் விட்டுப்போக வேண்டாம் என்று D வட்டு முழுவதையும் காட்டிவிட்டேன். நிரல் ஒவ்வொரு உறையாகத் தேடிப் பட்டியல் போட ஆரம்பித்தது.

ஹாலில் பாட்டு ஏழு நொடி வந்தது. நின்றது. மறுபடி மூன்று நொடி. திக்குவாய்க்காரர் பாடுவது போல. மின்சாரம் போய் வந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஆண்டு மின்வெட்டு எப்போது வரும், எத்தனை மணிக்கு முடியும் என்பதே ஊரில் பேச்சு. கரண்ட் வந்ததும் கருவி உடனே விழித்துக்கொள்ளும், ஆனால் பின்கட்டிலிருக்கும் இன்டர்நெட் மோடம் எழுந்திருக்க இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் கருவி தேடிப் பார்த்துக் களைத்து, "இணைப்பு இல்லை" என்று எழுதிக்கொண்டு நின்றுவிடும். முதலில் மோடம், இரண்டாவது கம்ப்யூட்டர், அது முழுதாக எழுந்த பின் கருவி என்று வரிசை கண்டுபிடித்துச் சுவரில் எழுதி ஒட்டினேன். அந்தக் கோளாறு தீர்ந்தது. திக்கல் தீரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வடமதுரை மைத்துனன் வந்தான். துக்கம் விசாரிக்கும் பாவனை இல்லாமல் வீட்டுக்குள் வருகிற ஒரே ஆள் அவன்தான்.

"என்ன மச்சான், இம்புட்டூண்டு பெட்டிக்கா ரெண்டு நாளா மல்லுக்கட்டுறீங்க? எங்கிட்டக் குடுத்திருந்தா ஒரு வயரப் போட்டு அடுத்த ஊருக்கே கேக்க வச்சிருப்பேன்."

"வயர் இல்லாம வரணும் மாப்ள. அதுதான் இதோட விசேசம்."

"வயர் இல்லாததுதான் கோளாறே."

ஆனாலும் அவன் தொழில்காரன். பின்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவே இரண்டு தடவை நடந்தான். நடு அறையில் நின்றான். அங்கே அவன் அக்காவின் பீரோ இருந்தது. ஆறடி இரும்பு.

"இதுதான் மறிக்குது. இரும்புக்குப் பின்னால எந்த அலையும் போகாது. நகத்துவோம்."

அவள் போன பிறகு அந்தப் பீரோவைத் திறந்தது மூன்றே தடவை. நகர்த்தியதே இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"தூக்கி எறியச் சொல்லலியே மச்சான். நாலடி அந்தப் பக்கம்."

இருவரும் பிடித்துத் தள்ளினோம். உள்ளே வளையல் டப்பா எதுவோ சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. பீரோ நின்ற இடத்தில் நான்கு கால்களின் துருத்தடம் தரையில் சதுரமாகப் பதிந்திருந்தது. பாச்சை உருண்டை வாசம் ஹால் வரைக்கும் வந்தது. மணி பதினொன்று நாற்பது.

கருவியைப் போட்டேன். எந்தப் பாட்டு என்று தேர்வு செய்யாமல், கலைத்துப் பாடச் சொல்லும் பொத்தானை அழுத்தினேன். ஒரு பாட்டு முழுதாக, திக்காமல் பாடி முடிந்தது. மைத்துனன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அடுத்து நாதஸ்வரம். அதுவும் திக்கவில்லை. அது முடிந்ததும் ஒரு சின்ன இரைச்சல். பிறகு:

"வியாழக்கெழம. தேதி... ஐயோ, மறந்துருச்சுங்க. தேதி என்ன?"

ஒரு சிரிப்பு, பாதியில் வெட்டுப்பட்டது. உடனே அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

மைத்துனன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். என் கையில் ரிமோட் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று எனக்கு மறந்துபோயிருந்தது.

"அக்கா" என்றான். பிறகு, "பீரோவ நகத்தியிருக்கக் கூடாது மச்சான்" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மைக் செட் போடுகிறவன், இரும்பு அலையை மறிக்கும் என்று பத்து நிமிடம் முன்னால் எனக்குப் பாடம் எடுத்தவன், இப்போது அந்தத் துருத்தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் பட்டியலைத் திரும்பிப் பார்த்தேன். கடைசியாகப் பாடியதன் பெயர் "Dd7" என்று இருந்தது. அப்படி ஒரு பெயரை நான் எந்தக் கோப்புக்கும் வைத்ததில்லை. பட்டியலில் கீழே போனால் Dd31, Dd12, Dd90 என்று வரிசை கலைந்து பத்துப் பன்னிரண்டு இருந்தன. பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "தெரியாதவர்" என்று காட்டியது.

"அம்புட்டும் அக்காதானா? போடுங்க மச்சான், கேப்போம்."

நான் பொத்தானை அழுத்தப் போன நேரத்தில் மின்சாரம் போனது. பன்னிரண்டு மணி வெட்டு. மூன்று மணி வரை வராது. அவனுக்கு வடமதுரையில் ஒரு காதுகுத்துக்கு மைக் கட்டப் போக வேண்டும். வாசலில் வண்டியை உதைத்தபடி, "கரண்ட் வந்ததும் கேட்டுப்புட்டு போன் போடுங்க" என்றான்.

மூன்றரை மணிக்கு, சுவரில் ஒட்டியிருந்த வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, Dd7ஐத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு தடவை கேட்டேன். சொல் சொல்லாக நோட்டில் எழுதினேன். அது 1991ஆகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவு இளமையான குரல். அப்போது அவளுக்கு என் விதி பழகவில்லை. பதினோரு ஆண்டுப் பதிவில் தேதியே இல்லாத ஒரே துண்டு அதுவாகத்தான் இருக்கும். நான் அதை 2003இல் கேட்டு, பயனற்றது என்று முதல் வேலையாக அழித்திருப்பேன்.

இந்தக் கோப்புகள் வட்டில் எங்கே இருக்கின்றன என்று தேடினேன். கம்ப்யூட்டரின் தேடலில் ஒன்றும் அகப்படவில்லை. இல்லாத இடத்திலிருந்து அவள் பேசினாள். அதைப் பற்றி அப்போது நான் மேலும் யோசிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. யோசித்தால் நின்றுவிடும் என்று ஒரு பயம். கேட்கிற வரை கேட்போம் என்று இருந்தேன்.

அப்படியானால் அன்றைக்கே மற்றதையும் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. இந்த இடத்தை நான் பல தடவை எழுதி அடித்திருக்கிறேன்.

பட்டியல் முழுமையாகவில்லை. நிரல் இன்னும் வட்டைத் தேடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மின்வெட்டுக்கும் தேடல் அறுந்து, கரண்ட் வந்ததும் முதலிலிருந்து தொடங்கியது. கண்டெடுத்ததை மறக்கவில்லை, ஆனால் கண்ட இடங்களையே மறுபடி சுற்றிவிட்டுத்தான் புதிய இடத்துக்குப் போகும். Dd7க்குப் பின் Dd31 என்று தாறுமாறாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 1991லிருந்து 2002 வரை வரிசையாக, ஒரு நாளைக்கு ஒரு ஆண்டு என்று கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். முழுப் பட்டியல் வரட்டும்.

மைத்துனனிடம் போனில் அதைச் சொன்னேன்.

"மச்சான், பந்தியில எல வரிசையாப் போட்டாத்தான் சாப்புடுவேன்னு நிக்கிற ஆளு நீங்க. அக்கா வந்துருக்கு. இப்ப வந்து வரிசையில நில்லுங்கிறீங்களே."

"சனிக்கிழமை வா. ரெண்டு பேரும் முதல்லருந்து கேப்போம்."

"வாரேன்."

தேடல் ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று பார்த்தேன். வட்டில் எல்லாப் பாட்டும் இரண்டு வடிவத்தில் இருந்தன. 2003இல் பதிந்த பெரிய கோப்பு ஒன்று, அதைச் சுருக்கிய சின்னக் கோப்பு ஒன்று. பெரியது இனித் தேவையில்லை. ஒரு தகவல் ஓரிடத்தில் இருந்தால் போதும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பள்ளி விட்டு வந்து, மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து, பெரிய கோப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அழித்தேன். சின்னது சரியாக இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் பெரியதை அழித்தேன். அவ்வளவு கவனம். ஆண்டு வாரியாக எத்தனை அழித்தேன் என்ற கணக்கு நோட்டில் இருக்கிறது.

செவ்வாய் மாலையே தேடல் வேகம் எடுத்தது. புதன் ஐந்து மணிக்குப் பட்டியல் முடிந்தது. Dd1லிருந்து தொடங்கி, நடுவே பல எண்கள் விடுபட்டு, நூற்றைம்பதைத் தாண்டிப் போயிற்று. எண்ணைக் காகிதத்தில் எழுதி, கேட்ட பிறகு எழுத வேண்டிய தேதிக்கு எதிரே காலியிடம் விட்டேன். இரண்டு நாள் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது கை அடிக்கடி பைக்குப் போனது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு மைத்துனன் வந்தான். தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஹாலில் இரண்டு நாற்காலி போட்டேன். Dd1ஐ அழுத்தினேன்.

கண்ணாடியில் "Dd1" என்று வந்தது. நான்கு நொடி ஒன்றும் கேட்கவில்லை. பெயர் மறைந்து Dd2 வந்தது. அதுவும் அப்படியே.

"சிக்னல்தான்" என்றேன். எழுந்து போய் மோடத்தின் கொம்பைத் திருப்பினேன். மைத்துனன் ஆம்ப்ளிஃபயரின் வயரைக் கழற்றித் துடைத்துச் செருகினான். Dd3. Dd5. Dd7 வந்தபோது இருவருமே முன்னால் குனிந்தோம். ஒன்றும் வரவில்லை. ஆறு நாளுக்கு முன்னால் இதே நாற்காலியில் கேட்டது.

நடுவே சோதிக்க ஒரு பாட்டைப் போட்டேன். கணீரென்று பாடியது.

"சிக்னல் இல்ல மச்சான்" என்றான் மெதுவாக.

மகளுக்குப் போன் செய்தேன். எண்ணைச் சொன்னேன், பெயரைச் சொன்னேன். அவள் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, அது ரீசைக்கிள் பின். நீங்க அழிச்சா அங்கதான் போய் விழும். பேர மாத்தி வச்சுக்கிரும். நீங்க D டிரைவ் முழுசாக் காட்டுனதால அது குப்பைக்குள்ளயும் தேடிப் பாடியிருக்கு. ஆனா என்ன பாட்டு அது? எதுக்கு அத..."

"அம்மா பேசுறாம்மா."

போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

"நான் அழிச்ச துண்டெல்லாம். தேதி சொல்றது. போன ஞாயித்துக்கெழம வந்துச்சு. இப்ப வரமாட்டேங்குது."

"நடுவுல எதையாச்சும் அழிச்சீங்களாப்பா?"

"பெரிய கோப்பு எல்லாத்தையும் அழிச்சேன். தேடல் வேகமா நடக்கணும்னு."

"ஐயோ, அப்பா."

"சொல்லும்மா."

"அந்தக் குப்பைத்தொட்டிக்கு ஒரு அளவு இருக்குப்பா. அது நெறஞ்சா, புதுசு விழ விழ, அடியில கெடக்குற பழசத் தானா வெளியேத்திரும். மொதல்ல அழிச்சது மொதல்ல போகும்." பிறகு அவசரமாக, "இனி எதையும் அழிக்காதீங்க. ஒண்ணையும் தொடாதீங்க. நான் சொல்லச் சொல்ல மட்டும் செய்ங்க" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத் தொட்டியைத் திறந்தேன். மேலே நான் திங்கள், செவ்வாயில் போட்ட பெரிய கோப்புகள். அடியில், 2003இல் பாதியில் நின்றுபோன சில பாட்டுகளும், நான்கைந்து நொடித் துண்டுகள் பத்தொன்பதும் இருந்தன. அவை மட்டும். பத்தொன்பதையும் வேறு உறைக்கு மீட்டெடுத்து, அன்றைக்கே இரண்டு குறுந்தட்டில் பதிந்து, ஒன்றை மைத்துனன் கையில் கொடுத்தேன். இன்னும் ஒரு பாட்டை அழித்திருந்தால் இந்தப் பத்தொன்பதும் மிஞ்சியிருக்காது என்று மகள் சொன்னாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

கேசட்டுகளை 1991லிருந்து வரிசையாக ஏற்றினேன் என்று சொன்னேன் அல்லவா. அதே வரிசையில் அழித்தேன். அதனால் அதே வரிசையில்தான் போயின. தேதி மறந்து சிரித்த பெண் முதலில் போனாள். மகள் முதல் நற்கருணை வாங்கிய ஆண்டு போனது. தொண்ணூறுகள் முழுவதும் போயின. மிஞ்சியவை எல்லாம் 2001, 2002. வரிசையாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு வரிசையின் கடைசி மட்டும் கிடைத்தது.

அன்று ஆறு மணி வரை அந்தப் பத்தொன்பதையும் கேட்டோம். நிதானமான, களைத்த குரல். விதியெல்லாம் நன்றாகப் பழகிப்போன குரல். "சனிக்கெழம. தேதி மூணு. காலையில ஒம்பது. வெயில் அடிக்கிது. வெஞ்சனம் வாழப்பூ." ஏழாவது துண்டில் கடைசியில் ஒரு இருமல். பத்தாவதில் தொடக்கத்திலேயே. பிறகு அனேகமாக எல்லாவற்றிலும். இருமலும் தேதியோடு ஒரே துண்டில் இருந்ததால், 2003இல் அதையும் சேர்த்தே வெட்டி எறிந்திருக்கிறேன். காதில் வாங்கித்தான் இருக்க வேண்டும். தேதியை மட்டும் எழுதிக்கொண்டேன். அவளுக்கு இருமல் தொடங்கியது 2004 மார்கழி என்று என் நோட்டு சொல்கிறது. நோட்டு தவறு.

மைத்துனன் குறுந்தட்டை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"உங்கள மட்டும் சொல்லிக்காதீங்க மச்சான். நான் மட்டும் என்ன. மூணு பெட்டி கேசட்டு. அக்கா கையால குடுத்துச்சு. ஒண்ணுல அது மேலயே தண்ணி வரி கட்டுங்கன்னு விளம்பரம் பேசி வச்சிருக்கேன். ஒண்ணுல பசு மாட்டக் காணோம்னு. ஒரு கேசட்டு விட்டு வைக்கல. ஒரு தடவ போட்டுக் கேக்கணும்னு கூடத் தோணல. காலி கேசட்டுன்னு நெனச்சேன்."

"நானும் காலின்னுதான் சொன்னேன்."

"ஆமா" என்றான். "சொன்னீங்க."

பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்தத் துருத்தடம் இன்னும் நடு அறைத் தரையில் இருக்கிறது. அன்று தொடங்கி என் நோட்டில் கிழமை, தேதி, மணி, வானிலைக்குப் பிறகு ஐந்தாவதாக ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலான நாள் அதில் "அப்பளம்" என்றுதான் எழுதும்படி ஆகிறது.

மகள் பொங்கலுக்கு வந்தபோது அந்தப் பட்டியலைப் பார்த்தாள். கோப்பு போன பிறகும் பெயர் அப்படியே நிற்பதால்தான் கருவி அவ்வப்போது வெறுமையாக நிற்கிறது, பட்டியலைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தேடச் சொன்னால் சரியாகிவிடும் என்றாள். அது கோளாறுதான், தீர்வும் ஒரு பொத்தான்தான். மவுஸை அந்தப் பொத்தானின் மேல் கொண்டுபோனவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையை மூடினாள்.

ஆகவே அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து மைத்துனன் வருவான். கருவியைக் கலைத்துப் பாட விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்தப் பத்தொன்பதில் ஏதாவது எப்போதாவது வரும். மற்ற நேரம், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், கண்ணாடியில் Dd31 என்றோ Dd12 என்றோ பச்சையாக வந்து நிற்கும். எந்த ஆண்டு, என்ன கிழமை, மழையா வெயிலா, என்ன வெஞ்சனம் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கடந்த ஞாயிறு Dd7 வந்தது. மைத்துனன் எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை மெதுவாகக் கூட்டினான். முழுக்கக் கூட்டிவிட்டுத் தலையைப் பெட்டியருகே சாய்த்தான். கேசட்டாக இருந்தால் இரைச்சலாவது இருந்திருக்கும். இதில் அதுவும் இல்லை. நான்கு நொடி. அடுத்த பாட்டு வெடித்து வரும் முன்னால் குறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.